மலிவு என்று ஒன்று இல்லை, பிந்திக் கட்டும் விலைதான் உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வகுப்பில் போல இடையில் எழும்பிப் போனாலும் இனி நான் ஒன்றும் செய்ய ஏலாது.

போன வாரம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சேர், இப்ப நாடு நிமிர்ந்திட்டுதாமே, லைனும் இல்லை, கறண்டும் நிக்கிறேல்லையாம்" என்று எழுதியிருந்தான். இங்கே ஊரில் இருக்கும் பெறாமகள், "சித்தப்பா, சாமான் விலை ஒண்டும் இறங்கேல்லை, இவையளும் முந்தினவையைப் போலத்தான்" என்றாள். இரண்டு பேரும் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் நாட்டை அளக்கிற கோல் ஒன்றுதான்: விலை. விலை இறங்கினால் அரசாங்கம் நல்லது, ஏறினால் கூடாது.

அந்தக் கோல் போதாது என்பதுதான் இந்தப் பதிவு. 31 வருடம் உயர்தர வகுப்பில் கணக்கீடும் பொருளியலும் படிப்பித்தவன் நான். முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் செலவு எழுதியே ஆகவேண்டும். எங்கள் அரசியலில் மட்டும் ஒற்றைப் பதிவு. "குறைத்தோம்", "நிவாரணம் தந்தோம்" என்று ஒரு பக்கத்தை மேடையில் வாசிப்பார்கள். மற்றப் பக்கத்தை எவரும் வாசிப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

முதலில் பெறாமகளின் சந்தேகத்தைத் தீர்ப்போம். பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, பிறகேன் விலை குறையவில்லை? யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பறந்து வந்த பஸ் நெல்லியடியில் மெதுவாகப் போகத் தொடங்குகிறது. வேகம் குறைந்தது என்பதற்காகப் பஸ் திரும்பி யாழ்ப்பாணம் போகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். இன்று அந்த வேகம் அடங்கிவிட்டது. ஆனால் விலைகள் அந்தப் பஸ் கொண்டுவந்து விட்ட இடத்திலேயே நிற்கின்றன. சம்பளம் மட்டும் முனியப்பர் கோயிலடியில் இறங்கி, இன்னும் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

சரி, அந்தப் பஸ்ஸை ஓட்டியது யார்?

மின்சாரத்தில் இருந்து தொடங்குகிறேன். அதுதான் எல்லா வீட்டுக்கும் மாதம் தவறாமல் வருகிற கடதாசி. 2013க்குப் பிறகு 2022 ஓகஸ்ட் வரைக்கும் ஏறத்தாழ ஒன்பது வருடம் இந்த நாட்டில் மின்கட்டணம் ஏற்றப்படவில்லை. நடுவில் ஒரு தடவை குறைத்தும் இருந்தார்கள். அந்த ஒன்பது வருடத்தில் எண்ணெய் விலை ஏறியது, நிலக்கரி விலை ஏறியது, டொலர் ஏறியது. எங்கள் பில் மட்டும் ஏறவில்லை. அப்போது எவரும் "எப்படி?" என்று ஊர்வலம் போகவில்லை. மலிவாகக் கிடைப்பதற்கு யார் ஊர்வலம் போவார்கள்?

அந்தக் குறைந்த பணம் எங்கே போனது என்றால், ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குக் கடனாகப் போனது. மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் எண்ணெய் வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் இழுத்தது. கூட்டுத்தாபனம் வெளிநாட்டில் எண்ணெய் வாங்க இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் டொலரில் கடன் பட்டது. அந்த இரண்டு வங்கிகளிலும் இருப்பது எங்கள் சேமிப்பு. கடைசியில் அந்தக் கடனைத் திறைசேரி தன் தலையில் எடுத்தது. திறைசேரியின் தலை என்பது உங்கள் தலையும் என் தலையும்.

அந்தக் கடன் முடிந்துவிட்டதா? இல்லை. 2025இலும் நீங்கள் அடித்த ஒவ்வொரு லீற்றர் பெற்றோலிலும் 50 ரூபா அந்தப் பழைய கடனை அடைப்பதற்காக அறவிடப்பட்டது. அந்த மலிவுக் காலத்தில் பிறக்காத பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு ஏற்றிக்கொண்டு போன தகப்பன், அந்தக் காலத்து மின்சாரத்துக்குக் காசு கட்டினான். தலைப்பில் நான் சொன்னது இதைத்தான். மலிவு என்று ஒன்று இருக்கவில்லை. விலையைப் பிந்திக் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிந்திக் கட்டினால் வட்டியோடு கட்ட வேண்டும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 ரூபா பில் முதலில் 175 ஆனது, ஆறு மாதத்தில் 290 ஆனது. பிறகு பல தடவை இறக்கியும் ஏற்றியும் விளையாடினார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்து, ஜூனில் 15 சதவீதம் ஏற்றினார்கள். "இருபது குறைத்துப் பதினைந்து கூட்டினால் ஐந்து இலாபம்" என்று என் மாணவன் ஒருவனே முகநூலில் எழுதியிருந்தான். தம்பி, 100 இல் 20 போனால் 80. 80 இல் 15 சதவீதம் 12. ஆகவே 92. எட்டுக் குறைவு. உன் கணக்கை இன்னும் நான் திருத்த வேண்டியிருக்கிறது.

இதே கதைதான் வரியிலும். 2019 டிசம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, 15 சதவீதமாக இருந்த வற் வரியை 8 ஆகக் குறைத்தார்கள். வருமான வரியிலும் பெரிய சலுகை. அந்த நேரம் பத்திரிகைகளில் அது மக்களுக்குக் கிடைத்த பரிசு. வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் வருமானம் தானாக வரும் என்றார்கள். அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்தது. அரசின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்குக் கிட்ட விழுந்தது. உலகத்திலேயே மிகக் குறைவாக வரி சேர்க்கிற நாடுகளில் ஒன்றாகிவிட்டோம். வருமானம் குறைந்த அரசாங்கம் செலவைக் குறைக்கவில்லை, காசை அச்சடித்தது. 2021இல் டொலரை மிச்சம் பிடிக்கவென்று ஒரே இரவில் இரசாயனப் பசளையையும் நிறுத்தினார்கள். பிறகு ஏழு மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றாலும் அந்தப் போக விளைச்சல் திரும்ப வரவில்லை.

2022 ஜனவரி 18ஆம் திகதியை மறக்கக் கூடாது. எரிவாயு சிலிண்டருக்குச் சனம் வீதியில் நின்ற நேரம், வெளிநாட்டுப் பிணைமுறிக்காரருக்கு 50 கோடி டொலரை எண்ணிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் போகவில்லை, ஏப்ரல் 12ஆம் திகதி "இனி வெளிநாட்டுக் கடன் கட்ட எங்களால் ஏலாது" என்று அறிவித்தார்கள். கட்ட ஏலாது என்று தெரிந்த பிறகும் கடைசிக் காசைத் தூக்கிக் கொடுத்தது, அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாத வீட்டில் சீட்டுக்காசு கட்டியதற்குச் சமன். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பின்போடப்பட்டது. ஆசிரியனாக எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது அந்தச் செய்திதான்.

அப்போது எங்கள் ஆட்கள் சிலர், "நாங்கள் தொண்ணூறிலேயே இதையெல்லாம் பார்த்திட்டம்" என்று ஒருவித பெருமையோடு சொன்னார்கள். உண்மைதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் இதை வாசிக்கிற உங்களில் நிறையப் பேர். ஆனால் தாங்கப் பழகிய சனம் என்று பெயர் எடுத்ததால் எங்களுக்கு விலை குறைத்துத் தரப் போவதில்லை. தாங்குவது ஒரு திறமை, கேள்வி கேட்பது இன்னொரு திறமை. முதலாவதில் நாங்கள் விசேட சித்தி. இரண்டாவதில் இன்னும் சாதாரண சித்திக்கே கஷ்டப்படுகிறோம்.

இனி யார் கட்டினார்கள் என்பதைப் பார்ப்போம். பிந்திக் கட்டும் விலையில் இதுதான் பெரிய அநியாயம். அனுபவித்தவன் ஒருவன், கட்டுகிறவன் இன்னொருவன்.

மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனது. கடலுக்கு ஒரு தடவை போய்வர 20 லீற்றர் தேவைப்படுகிற படகுக்கு 1,740 ரூபா செலவு 6,800 ஆகிறது. மீன் படுமோ படாதோ, அது முதலில் கொடுக்க வேண்டிய காசு. அந்த நாட்களில் எங்கள் கரைகளில் படகுகள் கவிழ்த்து வைத்துக் கிடந்தன.

மின்சாரத்திலும் சதவீதக் கணக்கில் பெரிய அடி விழுந்தது மாதம் 30 அலகுக்குள் பாவிக்கிற வீடுகளுக்கு. இரண்டு பல்ப், ஒரு காற்றாடி, ஒரு போன் சார்ஜர் உள்ள வீடு. ரூபாவில் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் நாட்கூலி வீட்டுக்குச் சிறிய தொகை என்று ஒன்று இல்லை. கட்ட முடியாமல் இலட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். அதன் பாரத்தை வங்கிகள் மேல் போடாமல், ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றின் மேல் போட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தாய், கடையில் நிற்கிற பொடியன், இவர்களுடைய வயோதிபக் காலத்துக் காசு அது. வங்கிகள் விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லோரும் விழாமல் இருக்கக் குனிந்து முதுகு கொடுத்தவர் யார் என்பதை அவர்களுக்கே சரியாகச் சொல்லவில்லை. அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிற என் போன்றவர்களை அது தொடவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். மின்வெட்டுக் காலத்தில் தையல் ஓடவில்லை. ஒரு நுண்கடன் கம்பனியில் எடுத்த கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வரும். அந்தக் கிழமைக் காசுக்கு இன்னொரு இடத்தில் கடன், அந்தக் கடனுக்குத் தோடு அடைவில். கறண்ட் வந்த பிறகும் தோடு திரும்பவில்லை. இப்போது பவுண் விற்கிற விலைக்கு அது திரும்பும் என்ற நம்பிக்கையும் அவளுக்கு இல்லை. உலக வங்கிக் கணக்கில் 2024இல் நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமையில். 2019இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. "நாடு நிமிர்ந்துவிட்டது" என்று சொல்லும்போது இந்த நாலாவது ஆளை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று 2023 நவம்பரில் உயர்நீதிமன்றமே சொன்னது. முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதி அமைச்சரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்பது தீர்ப்பு. வரலாற்றில் நிற்கிற தீர்ப்புத்தான். ஆனால் வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத் தொகை கொடுக்கச் சொன்னதோடு முடிந்தது. தோடு அடைவில் இருப்பவளுக்கு அந்தத் தீர்ப்பினால் ஒரு சதமும் இல்லை.

"சேர், களவெடுத்ததுதான் காரணம், அந்தக் காசைத் திருப்பி எடுத்தால் கடன் முடியும்" என்று சிலர் எழுதுவீர்கள் என்று தெரியும். களவு நடந்தது, விசாரிக்க வேண்டும், எடுக்கக் கூடியதை எடுக்க வேண்டும். ஆனால் ஒரு சதம் களவெடுக்காத உத்தமன் ஆட்சிக்கு வந்து, 100 ரூபாவுக்கு உற்பத்தி செய்கிற மின்சாரத்தை 60 ரூபாவுக்கு விற்று, வரியையும் குறைத்தால், அவனும் நாட்டைக் கடனில்தான் கொண்டுபோய் விடுவான். நல்லவனா கெட்டவனா என்பது ஒரு கேள்வி. கணக்குச் சரிவருமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

இதற்காக நிவாரணமே கூடாது என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். இலவசக் கல்வி இல்லாவிட்டால் நானும் ஆசிரியனாகியிருக்க மாட்டேன், நீங்களும் இன்று இருக்கிற இடத்தில் இருக்க மாட்டீர்கள். அது வரியில் கொடுத்தது, வரவு செலவுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தது. அப்படி எழுதி, இன்னாருக்கு இவ்வளவு, அதற்குக் காசு இங்கிருந்து என்று சொல்லிக் கொடுப்பது உதவி. வெளியே தெரியாமல் கூட்டுத்தாபனத்தின் கடனுக்குள் ஒளித்துக் கொடுப்பது உதவி இல்லை. அப்படி ஒளித்துக் கொடுத்த மலிவில் கூடுதலாக அனுபவித்தது நாலு அறைக்கும் குளிரூட்டி பூட்டியவன். அதிகம் பாவிக்கிறவனுக்குத்தானே அதிக மலிவு.

கடன் என்றாலே பயப்படவும் தேவையில்லை. கடன் இரண்டு வகை. உழைக்கிற கடன், தின்கிற கடன். மன்னாரில் 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், 100 மெகாவோட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டியது. காற்று வீசுகிற ஒவ்வொரு மணித்தியாலமும் அது எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கிறது. கடனை அதுவே கட்டும். மத்தளையில் 2013இல் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். அதுவும் கடன்தான். விமானங்கள் வரவில்லை. கடன்காரர் மட்டும் தவறாமல் வந்தார்.

வீட்டிலும் இப்படித்தான். தோட்டத்துக்குக் கிணறு ஆழப்படுத்த எடுத்த கடன் வேறு, சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் ட்ரோன் வீடியோவும் பிடிக்க எடுத்த கடன் வேறு. இரண்டுக்கும் வட்டி ஒன்றுதான். முதலாவது மிளகாயாக, வெங்காயமாகத் திரும்ப வரும். இரண்டாவது அல்பமாக அலுமாரியில் இருக்கும்.

உழைக்கிற கடன் எங்கே தேவை என்று கேட்டால், என் பதில் மின்சாரம். இந்த நாடு எண்ணெயும் நிலக்கரியும் வெளியிலிருந்து டொலர் கொடுத்து வாங்குகிறது. நுரைச்சோலையில் இருக்கிற 900 மெகாவோட் அனல் மின்நிலையம் முழுக்க இறக்குமதி நிலக்கரியில் ஓடுகிறது. உலகத்தில் எங்கோ ஒரு சண்டை தொடங்கினால் எங்கள் பில் ஏறும். டொலர் முடிந்தால் விளக்கு அணையும். 2022இல் அதுதான் நடந்தது. எங்களிடம் வெயில் இருக்கிறது, மன்னாரிலும் பூநகரியிலும் காற்று இருக்கிறது. இவற்றுக்கு டொலர் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் வெயில் இருந்தால் மட்டும் போதாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனது என்றார்கள். எல்லோரும் குரங்கை வைத்துப் பகிடி விட்டோம். ஒரு குரங்கு பாய்ந்ததற்கு நாடு முழுக்க இருளுமா என்ற கேள்வி பகிடியோடு போய்விட்டது. விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை பகலில் பாவனை குறைவு, கூரைகளில் இருந்து வருகிற சூரிய மின்சாரம் அதிகம். அந்த நேரம் ஒரு பெரிய அதிர்ச்சியைத் தாங்கி நிற்க எங்கள் மின்வலையமைப்புக்குப் பலம் இல்லை. அந்த வருடம் சித்திரைப் புதுவருட விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பகலில் வெயிலை வேண்டாம் என்கிறோம், இரவில் எண்ணெய் எரிக்கிறோம். மத்தியானம் மிஞ்சுகிற சோற்றைக் கொட்டிவிட்டு இரவுக்குக் கடையில் பார்சல் எடுக்கிற வீடு எப்படி முன்னேறும்? மிஞ்சுவதைச் சேமிக்கப் பற்றரி வேண்டும், கொண்டுபோக வலுவான வழித்தடம் வேண்டும். கடன் எடுப்பதென்றால் இதற்கு எடுங்கள்.

எடுக்கும்போதும் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். மன்னார், பூநகரிக் காற்றாலைக்கு அதானி நிறுவனத்துடன் முன்னைய அரசாங்கம் பேசிய விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல் கொடுத்தது. மன்னாரிலேயே 50 மெகாவோட் திட்டம் ஒன்றுக்குப் போட்டியாகக் கேட்டபோது கிடைத்த விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவான திட்டங்கள் இல்லை, நிபந்தனைகளும் வேறு. ஆனாலும் கதவைத் திறந்து வைத்துப் பேரம் பேசுவதன் பெறுமதி அந்த இரண்டு எண்களில் தெரிகிறது. விலையைத் திரும்பப் பேசவேண்டும் என்று புதிய அரசாங்கம் சொன்ன பிறகு, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதேபோல மன்னார்ச் சனம் தங்கள் மண்ணைப் பற்றியும், வெள்ளம் வடியாமல் நிற்பதைப் பற்றியும், வலசை வருகிற பறவைகளைப் பற்றியும் கேட்கிற கேள்விகளை "அபிவிருத்திக்கு எதிரி" என்று ஒதுக்கக் கூடாது. மின்சாரம் நாட்டுக்கு, இடைஞ்சல் மன்னாருக்கு என்றால் அதுவும் ஒற்றைப் பதிவுதான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுச் சனத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. டீசல் ஜெனரேற்றரில் இருந்த அந்த மூன்று தீவுக்கும் காற்றிலும் சூரியனிலும் மின்சாரம் கொடுக்கிற திட்டம் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா எதிர்த்தது. சீனக் கம்பனி விலகியது. 2022இல் இந்தியா தன் நன்கொடையில் செய்வதாக ஒப்பந்தம் வந்தது. கடன் இல்லை, நன்கொடை, நல்லதுதான். ஆனால் எங்கள் தீவுக்கு விளக்குப் போடுவதை இரண்டு பெரிய நாடுகள் பேசித் தீர்மானிக்கிற நிலைமைக்கு ஏன் வந்தோம்? கையில் காசில்லாதவன் வீட்டில் யார் கதிரை போட்டு இருப்பது என்பதை ஊர் தீர்மானிக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, உங்கள் காசு எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கே தெரியாது. 2020இல் வெளிநாடுகளில் இருந்து வங்கி வழியாக வந்த பணம் 7.1 பில்லியன் டொலர். டொலரை 200 ரூபாவில் கட்டி வைத்ததால் எல்லோரும் உண்டியலுக்குப் போனார்கள். 2022இல் அது 3.8 பில்லியனாகப் பாதியாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம்தான் பெற்றோல் லைனாகவும் மருந்துத் தட்டுப்பாடாகவும் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. பிழை உண்டியலில் அனுப்பினவனிலா, சந்தையில் ஒரு விலையும் வங்கியில் ஒரு விலையும் வைத்தவனிலா? என்னைக் கேட்டால் இரண்டாமவனில். இப்போது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. வங்கியால் அனுப்புங்கள்.

இரண்டு, பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். வளைவு கட்டியது போதும். நூற்றாண்டு மலர் போட்டதும் போதும். கூரைக்குச் சோலார் போடுங்கள், கட்டாயம் பற்றரியோடு போடுங்கள். பாடசாலை ஓடுவது பகலில், வெயில் அடிப்பதும் பகலில். மிஞ்சுவது பின்னேர வகுப்புக்கும் நூலகத்துக்கும் உதவும். மாதாமாதம் மிஞ்சுகிற பில் காசில் ஆய்வுகூடத்துக்குச் சாமான் வாங்கலாம். பத்து வருடத்துக்குப் பிறகும் உங்கள் பெயரைச் சொல்லும், கல்வெட்டில் எழுதத் தேவையில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வீட்டுவேலை. இனி எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்து "குறைப்போம், தருவோம்" என்றாலும் நாலு கேள்வி கேளுங்கள். இதற்கு எவ்வளவு முடியும்? அந்தக் காசு எங்கிருந்து வரும்? யாருக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும்? நீங்கள் போன பிறகு யார் கட்டுவார்? சிவப்புச் சட்டை, பச்சைச் சட்டை, எங்கள் வீடு, சைக்கிள் எல்லோரிடமும் இதே நாலு கேள்வி. பதில் சொல்லத் தெரியாதவரோடு கோபிக்க வேண்டாம். தண்ணி கொடுத்து அனுப்புங்கள். வாக்கைக் கொடுக்காதீர்கள்.

ஏன் இப்போதே கேட்கவேண்டும் என்றால், எங்களுக்குக் கிடைத்திருப்பது தவணை மட்டும்தான், மன்னிப்பு இல்லை. நாணய நிதியத்தோடும் கடன்காரரோடும் செய்த ஏற்பாட்டின்படி வெளிநாட்டுக் கடனைப் பெரிய அளவில் திரும்பக் கட்டத் தொடங்க வேண்டியது 2028இல். 2024 டிசம்பரில் மாற்றிய பிணைமுறிகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கடன்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் நன்றாக உழைத்தால் அதிலும் அவர்களுக்குப் பங்கு. ஆகவே இந்த இடைக்காலத்தில் வருகிற ஒவ்வொரு ரூபாவும் உழைக்கிற இடத்துக்குப் போகிறதா, தின்கிற இடத்துக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த தேர்தல் நெருங்கும்போது மறுபடியும் ஒருவர் மலிவைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைக்கு உங்கள் பிள்ளை பக்கத்தில் நின்று, "அப்பா, மற்றப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்குமாக இருந்தால், நான் படிப்பித்த முதல் பாடம் வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் சொந்தப் பெயரில் வந்து திட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், புள்ளி குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கீட்டுச் சேர்